பர்மாவிலிருந்து வந்தவர் குடிமகன், இலங்கையிலிருந்து வந்தவர் அகதி: ஒரே தமிழ், ஏன் இரண்டு வாழ்க்கை?

சாயங்காலம் ஆறரை மணி. பல்லாவரம் – குன்றத்தூர் சாலையில், பம்மலைத் தாண்டி அனகாபுத்தூர் வரைக்கும் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும் நேரம். சென்னைப் புறநகரின் இந்த மாதிரிச் சாலைகளில் இப்போது பானிபூரி வண்டிக்கும் ஃபாஸ்ட் ஃபுட் கடைக்கும் நடுவே அத்தோ வண்டி ஒன்றும் நிற்கிறது. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், நறுக்கிய முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மேலே நொறுக்கிப் போட்ட பேஜோ. தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப்.

"எந்த ஊர் சாப்பாடு இது?" என்று கேட்டால், வாங்கித் தின்பவர்களில் பாதிப் பேர் "பீச் ஸ்டேஷன் பக்கம் கிடைக்குமே, அதான்" என்பார்கள். பர்மா என்று சொல்பவர்கள் குறைவு. ஒரு சமூகம் எந்த அளவுக்கு ஊரோடு கலந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டியதில்லை. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதே மறந்துபோய்விட்டது.

அதே புறநகரில், அதே மாதிரி ஒரு தெருவில், மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கும் இன்னொரு குடும்பத்தை யோசித்துப் பாருங்கள். 1990-ல் மன்னார் பக்கமிருந்து படகேறி வந்தவர்கள். முப்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, வேலைக்கும் போகிறார்கள். ஆனாலும் காவல் நிலையப் பதிவேட்டில் அவர்கள் இன்னும் 'இலங்கை அகதி'தான்.

இரண்டு தரப்பும் தமிழர்கள். இரண்டு தரப்பும் கடல் தாண்டி, சொத்தைப் போட்டுவிட்டு வந்தவர்கள். பிறகு ஏன் ஒருவர் குடிமகன், இன்னொருவர் அகதி? யாருடைய உழைப்பிலும் குறை இல்லை. வித்தியாசம் காகிதத்தில் இருக்கிறது.

பர்மா: போனது எப்படி, வந்தது எப்படி?

பிரிட்டிஷார் பர்மாவை மூன்று போர்களில், 1826 தொடங்கி 1885-க்குள், படிப்படியாகப் பிடித்தார்கள். ஐராவதி நதிப் படுகையில் நெல் விளைவிக்கப் பணம் வேண்டியிருந்தது. அதைச் செட்டிநாட்டு நகரத்தார் கொடுத்தார்கள். அறுவடைக்கும் துறைமுகத்துக்கும் ஆள் வேண்டியிருந்தது. தமிழ், தெலுங்கு, ஒடியா, வங்காளத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள். 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர்கள் சுமார் 10 லட்சம். ரங்கூன் நகரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள்.

1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் வட்டிக்குக் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் நெல் வயல்களில் கிட்டத்தட்ட கால்வாசி நகரத்தார் வசம் போனது. கோபம் மூண்டது. அந்தக் கோபம் வட்டிக்கடைக்காரர் மேல் மட்டும் விழவில்லை. மூட்டை தூக்கியவர் மேலும் விழுந்தது. 1942-ல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கானோர் காட்டு வழியாக இந்தியாவுக்கு நடந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்துப்போனார்கள்.

போர் முடிந்ததும் கணிசமானவர்கள் திரும்பிப் போனார்கள். ஆனால் 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ராணுவ ஆட்சியைக் கொண்டுவந்தார். 1964-ல் கடைகள் அரசுடைமை ஆயின. அதே ஆண்டு 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. கையில் ரொக்கமாக வைத்துத் தொழில் நடத்தியவர்களுக்கு அது ஒரே அடி. மூன்று லட்சம் இந்தியர்கள் வெளியேறியதாகக் கணக்கு. தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்து பதிவு செய்தவர்கள் சுமார் 1.44 லட்சம் பேர். எடுத்துவர அனுமதிக்கப்பட்ட பணமும் நகையும் சொற்பம்.

இலங்கை: இரண்டு தனித்தனிக் கதைகள்

இலங்கையிலிருந்து வந்தவர்கள் எல்லோரையும் ஒரே கூட்டமாகப் பார்ப்பது பொதுவான தவறு. வந்தது இரண்டு அலை.

முதல் அலை, மலையகத் தமிழர். கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கத் தோட்டங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் கூட்டிப்போன தொழிலாளர்களின் வாரிசுகள். இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-லேயே ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டு அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மொத்தம் 9.75 லட்சம் பேர். அதில் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்கும். 3 லட்சம் பேரை இலங்கை ஏற்கும். மிச்சமிருந்த 1.5 லட்சம் பேரை 1974-ல் இந்திரா – சிறிமாவோ ஒப்பந்தம் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டது. 'என்னை எந்த நாட்டுக்கு அனுப்பலாம்' என்று அந்த மக்களிடம் முன்கூட்டி யாரும் கேட்கவில்லை. இப்படி இந்தியா வந்தவர்கள் சுமார் 4.6 லட்சம் பேர். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக ஊர் ஊராகப் பிரிக்கப்பட்டார்கள்.

இரண்டாவது அலை, போர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வடக்கு, கிழக்கிலிருந்தும், மலையகத்திலிருந்து வடக்கே போய்க் குடியேறியிருந்த குடும்பங்களிலிருந்தும் படகுகளில் வந்தவர்கள். தமிழ்நாடு அரசு 2021-ல் சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, 1983 முதல் வந்தவர்கள் 3,04,269 பேர். அப்போது முகாம்களில் இருந்தவர்கள் 58,822 பேர். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வாழ்ந்தவர்கள் 34,087 பேர். மற்றவர்கள் திரும்பிப் போனார்கள், அல்லது வேறு நாடுகளுக்குப் போனார்கள்.

ஒரு சொல்லில் இருக்கிறது எல்லாம்

பர்மாவிலிருந்து வந்தவர்களையும், சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர்களையும் அரசு 'தாயகம் திரும்பியோர்' என்று அழைத்தது. 1983-க்குப் பிறகு படகில் வந்தவர்களை 'அகதி' என்றது.

கேட்க ஒன்றுபோல இருக்கலாம். சட்டப்படி இரண்டும் இரு துருவம். 'தாயகம் திரும்பியவர்' என்றால், நீ ஏற்கனவே இந்தக் குடும்பத்துப் பிள்ளை, வெளியூர் போய்த் திரும்பி வந்திருக்கிறாய் என்று பொருள். குடியுரிமை, ஓட்டு, ரேஷன், கடன் எல்லாம் அதோடு வரும். 'அகதி' என்றால் விருந்தாளி. சோறு உண்டு, கூரை உண்டு. வீட்டில் பங்கு கிடையாது. என்றைக்காவது கிளம்ப வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எப்போதும் இருக்கும்.

'அகதி' என்பதற்கென்று தனிச் சட்டமும் இந்தியாவில் இல்லை. 1951 ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அதனால் சட்டத்தின் கண்ணில் அவர் ஒரு வெளிநாட்டவர். பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்திருந்தால், 2003-ல் குடியுரிமைச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி 'சட்டவிரோதக் குடியேறி'. அந்த முத்திரை விழுந்துவிட்டால் பதிவு மூலமும் குடியுரிமை கேட்க முடியாது. நீண்ட காலம் வாழ்ந்ததைக் காட்டியும் கேட்க முடியாது. குண்டு விழும்போது யார் பாஸ்போர்ட் ஆபீஸில் வரிசையில் நிற்பார்கள் என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை.

ஒரே டீம், இரண்டு பேர்

இதை ஓர் உதாரணத்தோடு பார்த்தால் சுலபமாகப் புரியும். ஆட்கள் கற்பனை, விதிகள் நிஜம்.

இரண்டு இளைஞர்கள். இருவரும் 1995-ல் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள். இருவரும் பி.இ. முடித்து ஒரே ஐ.டி. கம்பெனியில் ஒரே டீமில் இருக்கிறார்கள். முதலாமவரின் தாத்தா 1965-ல் ரங்கூனிலிருந்து மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியவர். இரண்டாமவரின் அப்பா, அம்மா 1990-ல் படகில் வந்தவர்கள்.

*பாஸ்போர்ட்:* கம்பெனி இருவரையும் ஆன்சைட் அனுப்ப நினைக்கிறது. முதலாமவர் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து வாங்கிவிடுவார். இரண்டாமவருக்கு இந்திய பாஸ்போர்ட் கிடையாது. வாய்ப்பு கைநழுவிப் போகும். காரணத்தை மேனேஜரிடம் விளக்குவதே ஒரு வேலை.

*வீடு:* முதலாமவர் வீட்டுக் கடன் போட்டு அனகாபுத்தூரிலோ பம்மலிலோ ஓர் இரண்டு படுக்கையறை ஃபிளாட் வாங்கலாம். இரண்டாமவரால் முடியாது. அந்நியச் செலாவணிச் சட்ட விதிகளின்படி, இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இங்கே வீடோ நிலமோ வாங்க முடியாது. ஐந்து வருஷத்துக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் விலக்கு உண்டு. சம்பளம் ஒன்றுதான், ஆனால் ஒருவர் கட்டும் இ.எம்.ஐ. சொத்தாகிறது, இன்னொருவர் கட்டும் வாடகை செலவாகப் போகிறது. இருபது வருஷம் கழித்து இரண்டு குடும்பங்களின் கையிருப்பு எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

*அரசு வேலை:* டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு எதுவும் இரண்டாமவருக்கு எட்டாது. குடியுரிமை கேட்பார்கள்.

*ஓட்டு:* இரண்டாமவரின் பகுதியில் தண்ணீர் லாரி வரவில்லை என்றால் கவுன்சிலரிடம் போய்ச் சொல்லலாம். ஆனால் தேர்தல் வரும்போது அவர் கணக்கில் இல்லாத ஆள்.

*அடுத்த தலைமுறை:* இரண்டாமவர் ஓர் இந்தியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார் என்று வைத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 3 முதல் பிறக்கும் குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது. இன்னொருவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாகவும் இருக்கக் கூடாது. எனவே அம்மா இந்தியராக இருந்தும் குழந்தையின் குடியுரிமை சிக்கலாகிறது.

ஆதார் அட்டை இரண்டாமவரிடம் இருக்கலாம். ஆதார் என்பது இங்கே வசிக்கிறவர் என்பதற்கான சான்றுதான். குடியுரிமைச் சான்று இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

பிறந்த தேதியும் ஒரு தலையெழுத்து

இதில் ஒரு திருப்பம் உண்டு. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்த யாரும், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர்தான். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும்.

அப்படியானால் 1983-க்கும் 1987 ஜூனுக்கும் இடையே முகாமில் பிறந்த குழந்தைகள்? சட்டப்படி இந்தியர்கள். ஆனால் அது அவர்களில் பலருக்கே தெரியாது. முகாம் பதிவேட்டில் அகதி என்றே எழுதப்பட்டிருந்தது. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022-ல் அவருக்கு பாஸ்போர்ட் தர நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் திருச்சியில் முதல் முறையாக ஓட்டுப் போட்டார். அப்போது அவருக்கு வயது 38.

ஒரே முகாமில், ஒரே பெற்றோருக்கு 1987 மே மாதம் பிறந்த அக்கா இந்தியர், 1989-ல் பிறந்த தம்பி அகதி என்று ஆகலாம். ஒரே வீட்டுக்குள் எல்லைக்கோடு.

இலங்கைக் குடியுரிமையும் தானாக வந்துவிடாது. வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையின் பிறப்பை அந்த நாட்டுத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போய்ப் பதியாதவர்களுக்கு இரண்டு நாட்டிலும் காகிதம் இருக்காது.

ஏன் இந்தப் பாகுபாடு வந்தது?

மூன்று காரணங்கள்.

ஒன்று, ஒப்பந்தம். மலையகத் தமிழருக்கு இரு அரசுகளும் உட்கார்ந்து பேசி எண்ணிக்கை முடிவு செய்தன. பர்மா இந்தியர்களை இந்தியா தன் மக்களாகவே ஏற்றது. அவர்களில் பலர் பர்மியக் குடியுரிமை வாங்காமல் அங்கே வெளிநாட்டவர் அட்டையோடு வாழ்ந்தவர்கள். போருக்குத் தப்பி வந்தவர்கள் விஷயத்தில் அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை. அமைதி வந்ததும் போய்விடுவார்கள் என்பதே எல்லோருடைய கணக்கும். போர் 2009 மே வரை இழுத்தது.

இரண்டு, 1991 மே 21. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாம்கள் மீது சந்தேகப் பார்வை விழுந்தது. பள்ளி, கல்லூரிச் சேர்க்கை கொஞ்ச காலம் முடக்கப்பட்டது. முகாமை விட்டு வெளியே போக அனுமதி, திரும்பி வந்தால் பதிவு, மாதாமாதம் தலை எண்ணுதல் என்று நடைமுறை இறுகியது. கொலைக்கும் தங்களுக்கும் சம்பந்தம் இல்லாத குடும்பங்கள் அதன் விலையைக் கொடுத்தன. பர்மாவிலிருந்து வந்தவர்கள் இப்படி ஒரு நிழலில் வாழ வேண்டி வரவில்லை.

மூன்று, காலம். 1960-களில் வந்தவர்களுக்குக் குடியுரிமைக் கதவு அகலமாகத் திறந்திருந்தது. 1987, 2004 என்று அது படிப்படியாகச் சாத்தப்பட்டது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்குக் கதவைத் திறந்தது. அந்தப் பட்டியலில் முஸ்லிம்கள் இல்லை, இலங்கையும் இல்லை.

பணம் எங்கிருந்து வந்தது?

பர்மாக்காரர்கள் முன்னேறினார்கள் என்றால் அவர்கள் சாமர்த்தியசாலிகள், அவ்வளவுதான் என்று சொல்லிவிடுவது பாதி உண்மை. மீதிப் பாதி, கையில் கிடைத்த முதல்.

தாயகம் திரும்பியோருக்கு அரசு சிறு வியாபாரக் கடன், வீட்டுக் கடன், நூற்பாலைகளில் வேலை என்று திட்டங்கள் போட்டது. 1969-ல் அவர்களுக்கென்றே ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கப்பட்டது. சென்னையில் பல இடங்களில் கிளை வைத்திருக்கும் ரெப்கோ வங்கிதான் அது. அந்தப் பெயரின் விரிவு, 'தாயகம் திரும்பியோர் கூட்டுறவு நிதி மற்றும் வளர்ச்சி வங்கி'. நகைக்கடனுக்குப் போய் நிற்கும் பலருக்கு இது தெரியாது.

அதே 1969-ல் சென்னை கடற்கரை ரயில் நிலையம் அருகே ராஜாஜி சாலை ஓரத்தில் பர்மா பஜார் உருவானது. வெளிநாட்டுப் பொருள் கிடைக்காத காலத்தில் டேப் ரெக்கார்டர், வாட்ச், சென்ட் பாட்டில் வாங்க ஊரே அங்கே போனது. 1991-ல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் அந்த மவுசு குறைந்தது, கடைகள் சி.டி.க்கும், பிறகு செல்போனுக்கும் மாறின. கடை வைக்க இடம், கடன் வாங்க வங்கி, ஓட்டு கேட்டு வரும் கட்சிக்காரர். மூன்றும் இருந்தால் ஒரு சமூகம் எழுந்து நிற்க முடியும்.

முகாம் வாழ்க்கையின் பொருளாதாரம் வேறு. மாத உதவித்தொகை 2021 அறிவிப்புப்படி குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. அதோடு ரேஷன். மேல் வருமானத்துக்குப் பெரும்பாலான ஆண்கள் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள், அல்லது கட்டட வேலை. சொந்த இடமில்லாதவர் அடமானம் வைக்க எதுவும் இல்லாதவர். பெரிய கடன் அவருக்கு எளிதில் கிடைக்காது. படித்த பிள்ளையும் ஏதோ ஒரு கட்டத்தில் 'இதற்கு மேல் போக முடியாது' என்ற சுவரில் முட்டிக்கொள்கிறது. 'படிச்சு என்ன ஆகப் போகுது, பெயின்ட் பிரஷ்தானே' என்ற விரக்தி அங்கிருந்துதான் பிறக்கிறது.

அப்படியென்றால் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் இருட்டா?

அப்படிச் சொல்லிவிட முடியாது.

பர்மாவிலிருந்து வந்த எல்லோரும் பஜாரில் கடை பிடிக்கவில்லை. வியாசர்பாடி போன்ற வடசென்னைப் பகுதிகளில் குடியேறிய கூலிக் குடும்பங்கள் வெள்ளத்திலும் நெருக்கடியிலும் பல காலம் தவித்தன. இங்கே ஒட்ட முடியாமல் தரை வழியாக பர்மாவுக்கே திரும்பப் போக முயன்றவர்களும் உண்டு. எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே ஊரிலேயே தங்கிவிட்டார்கள். இன்றும் அந்த எல்லை ஊரில் தமிழ்க் குடும்பங்களும் கோயிலும் தமிழ்ச் சங்கமும் உண்டு.

மலையகத்திலிருந்து வந்தவர்கள் குடிமக்கள்தான். ஆனால் நீலகிரியில் டான்டீ தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்களுக்கு வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டிய பயம். காகிதம் கிடைத்தாலே வறுமை ஒழிந்துவிடாது என்பதற்கு அவர்கள் சாட்சி. காகிதம் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே நடக்கக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

மறுபக்கம், இலங்கைத் தமிழர்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் சரியில்லை. 1984-ல் தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் பிள்ளைகளின் படிப்பைத் தன் முதல் வேலையாக எடுத்துக்கொண்டது. இன்று முகாம்களிலிருந்து பட்டதாரிகள் ஏராளம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய் திட்டம் அறிவித்தது. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதன் முக்கியப் பகுதி. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. வீடு நல்ல வீடு. ஆனால் அதில் இருப்பவர் பெயரில் இல்லை.

இப்போது எங்கே நிற்கிறது விஷயம்?

2019 ஜூனில் மதுரைக் கிளை முக்கியமான ஒரு தீர்ப்பு சொன்னது. முகாமில் இருக்கும் மலையக வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கு அது. அவர்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து போனவர்கள். 'சட்டவிரோதக் குடியேறி' என்று சொல்லி விண்ணப்பத்தையே வாங்க மறுப்பது சரியல்ல, மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்த வழக்குதான் பிரச்சினையின் முடிச்சைக் காட்டுகிறது. ஒரே மலையகத் தோட்டத்தில் பிறந்த அண்ணன், தம்பி. அண்ணன் 1975-ல் ஒப்பந்தப்படி கப்பலில் வந்தார், இந்தியக் குடிமகன். தம்பி 'இங்கேயே இருந்து பார்க்கிறேன்' என்று வவுனியாப் பக்கம் போய் விவசாயம் செய்தார், 1990-ல் போர் துரத்த, படகில் வந்தார், அகதி. ரத்தமும் ஊரும் ஒன்றுதான். வந்த வாகனம் வேறு.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை வெளியிட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து, அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை பாயாது. இது நிம்மதிதான். ஆனால் தண்டனை இல்லை என்பது குடியுரிமை உண்டு என்று ஆகாது. குடியுரிமை தருவது மத்திய அரசின் அதிகாரம்; மாநில அரசு வீடு கட்டலாம், தொகை உயர்த்தலாம், கடிதம் எழுதலாம்.

முன்வைக்கப்படும் வழிகள் மூன்று: விருப்பமுள்ளவர் கௌரவத்தோடு திரும்பிப் போக ஏற்பாடு, மலையக வம்சாவளியினருக்குப் பழைய ஒப்பந்தங்களின் உணர்வுப்படி குடியுரிமை, இங்கேயே பிறந்து வளர்ந்த தலைமுறைக்குத் தனி விதிவிலக்கு. முதலாவது ஒவ்வொரு குடும்பமும் தானே முடிவு செய்ய வேண்டியது. மற்ற இரண்டும் டெல்லியில் ஒரு கையெழுத்துக்குக் காத்திருக்கின்றன.

அனகாபுத்தூருக்கு இது புரியும்

இந்தக் கதைக்கு அனகாபுத்தூர் ஏன் பொருத்தமான இடம்? இந்த ஊர் நெசவாளர் ஊர். இங்கே தறியில் நெய்த 'மெட்ராஸ் செக்' துணி ஒரு காலத்தில் நைஜீரியா வரைக்கும் போனது. அந்த நாடு இறக்குமதிக்குத் தடை போட்டதும் இங்கே தறிச் சத்தம் அடங்கத் தொடங்கியது. வாழை நார், சணல் என்று இயற்கை நாரில் சேலை நெய்து ஊர் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. எங்கோ ஓர் அரசு போடும் கையெழுத்து இங்கே அடுப்பை அணைக்கும் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. ரங்கூனில் போட்டாலும், கொழும்பில் போட்டாலும் அதே கதைதான்.

காகிதத்தின் பலமும் இந்த ஊருக்குத் தெரியும். 2025 மே மாதம் அடையாற்றங்கரையில் நூற்றுக்கணக்கான வீடுகள் ஆக்கிரமிப்பு என்று இடிக்கப்பட்டன. பல வருஷம் வரி கட்டி, கரண்ட் பில் கட்டி, பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்து வாழ்ந்த குடும்பங்கள். கையில் எல்லா அட்டையும் இருந்தது, பட்டா ஒன்றைத் தவிர. ஒரே ஒரு காகிதம் இல்லாததால் மற்ற எல்லாக் காகிதமும் மதிப்பிழந்தன. அவர்களுக்கு வாரியக் குடியிருப்பில் மாற்று வீடாவது கேட்க முடிந்தது, ஏனென்றால் அவர்கள் குடிமக்கள்.

பர்மா அத்தோ இன்றைக்குச் சென்னைச் சாப்பாடு ஆகிவிட்டது. அதை விற்றவர்கள் மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கிய நாளிலேயே இந்தியர்கள் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டதால்தான் அது நடந்தது. இலங்கையிலிருந்து வந்தவர்கள் முப்பது, நாற்பது வருஷமாக இங்கேதான் பெயின்ட் அடிக்கிறார்கள், கோடு எழுதுகிறார்கள், வரி கட்டுகிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் "உங்க ஊர் எது?" என்று கேட்டால், அவர்கள் சொல்லத் தெரிந்த ஒரே பதில் இந்த ஊரின் பெயர்தான்.